எட்டு ஓர் அலகு அல்ல

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில்
ஒரு சார்ட்டை என் பெஞ்சில் வைத்துவிடுவார்கள்.
‘இந்த வாரம் கற்றவை. ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.’
பாடத்துக்கு ஒரு கட்டம்.
என் கையெழுத்து அழகு என்பதற்கான தண்டனை இது.

தமிழ்க் கட்டத்தில்
‘வல்லினம் மிகும் இடங்கள்’ என்று எழுதினேன்.
நடந்தது வேறு.
இட்லிக் கடைக்கு க் வரும்,
மீன் கடைக்கு வராது என்றார் செந்தாமரை மிஸ்.
“மீனுக்கு மட்டும் ஏன் மிஸ் வராது?”
கடைசி பெஞ்சிலிருந்து யாரோ,
“தடைக்காலம், மிஸ்!”
காசிமேட்டுப் பிள்ளைகள் பதினோரு பேரும்
ஒன்றாகச் சிரித்தார்கள்.
மிஸ் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தோள் குலுங்கியது.

அறிவியலில் லிட்மஸ் தாள்.
எலுமிச்சைக்குச் சிவப்பு, சோப்புக்கு நீலம்.
ஜெனிட்டா ஒரு பாட்டிலில்
கால்வாய்த் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.
சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை,
தாள் கறுப்பாக வெளியே வந்தது.
புத்தகத்தில் அந்த நிறம் இல்லை.
‘முடிவு தெளிவில்லை’ என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
பாட்டிலை யார் வெளியே ஊற்றுவது என்று
இடைவேளை முழுக்கச் சண்டை.

சமூக அறிவியல் சார் கணக்கெடுப்புக்குப் போய்விட்டார்.
‘சுயமாகப் படித்தோம்.’
கிரிக்கெட் ஆடினோம் என்பதன் எழுத்து வழக்கு அது.

ஆங்கிலத்தில் விடுப்பு விண்ணப்பம்.
முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்.
லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்ற கௌதமிக்கும் காய்ச்சல்,
அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொண்ட நஸ்ரினுக்கும் காய்ச்சல்.
கிருபாகரன் மட்டும் எழுந்து நின்றான்.
“கேட்டுக்கு இங்கிலீஷ்ல இன்னா மிஸ்?”
“கேட்தான்டா.”
அவன் உட்கார்ந்து எழுதினான்:
ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் கேட்.
மிஸ் சிவப்பு மையில் கேட்டை அடித்து
ஃபீவர் போட்டார்.

கொருக்குப்பேட்டை கேட் அது.
அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் பள்ளி,
நடுவில் கூட்ஸ் வண்டி.

கணக்குக் கட்டம்தான் போதவில்லை.
புத்தகத்து ரயில்
மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டரில் வந்து
ஒரு கம்பத்தைப் பன்னிரண்டு நொடியில் கடந்தது.
நீளம் இருநூற்று நாற்பது மீட்டர், எல்லாருக்கும் விடை வந்தது.
“அந்த ரயிலு எங்க சார் ஓடுது?” என்றான் கிருபாகரன்.
எட்டியப்பன் சார் சாக்பீஸை நீட்டினார்.
“உன் ரயில போடு பார்ப்போம்.”

போட்டான்.
பெட்டி ஐம்பத்தாறு. எண்ணியிருக்கிறான்.
வண்டி சும்மா நின்ற நேரம் பத்தொன்பது நிமிடம், அதைத் தள்ளு.
ஓடிய நேரம் ஏழு.
பெட்டியின் நிழல் ரோட்டில் விழுந்தபோது
அதன்மேல் நடந்து பார்த்தானாம்,
ஒரு பெட்டிக்குப் பதினாறு எட்டு.
மொத்தம் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு எட்டு.
நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு.

“எட்டு ஓர் அலகு அல்ல” என்றார் சார்.
அப்புறம் மர அளவுகோலை எடுத்துக்கொண்டு
அவனை வராந்தாவில் நடக்கவிட்டு
பின்னாலேயே குனிந்து குனிந்து போனார்.
ஏழாம் வகுப்பு முழுதும் ஜன்னலில்.
ஒரு எட்டு அறுபத்தைந்து சென்டிமீட்டர்.
பெருக்கினோம்.
மணிக்கு ஐந்து கிலோமீட்டர்,
எட்டு மீட்டர் குறைய.

“நான் நடக்குற வேகம் சார் இது.”
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கேட்டில் நின்ற காலைகளை எல்லாம்
அவரவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தோம் போல.
சார் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.
அவன் பெயருக்கு நேரே ஐந்து நாளும் ‘தா’.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
மையில் போட்டது, அழிக்க முடியாது.
மூடிவைத்தார்.

கணக்கு வழிந்து
சமூக அறிவியல் கட்டம் வரை போய்விட்டது,
அங்கே இடம் காலியாகத்தானே இருந்தது.

திங்கள் காலை சார்ட்டைக் கதவில் ஒட்டினேன்.
கிருபாகரன் அதைப் படித்தபோது
மணி ஒன்பது இருபத்தாறு.